பிரியம் திருத்தும் விடைத்தாள்

புதிதாகக் கேமரா வாங்கியவருக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: வெளியே அலையாதே, வீட்டிலிருந்தே தொடங்கு. தூங்கும் குழந்தை, பூத்தொடுக்கும் பாட்டி, செய்தித்தாளுக்குப் பின்னால் முகம் தெரியாத அப்பா. இவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டாம், ஸ்டுடியோவுக்கு வாடகை வேண்டாம். இன்றைக்குப் படம் கெட்டுப்போனால் நாளைக்கும் அதே முகங்கள் அங்கேயே இருக்கும். குறை சொல்ல எதுவும் இல்லாததுபோல் தெரிகிற அறிவுரை இது. அதனாலேயே யாரும் இதை உரசிப் பார்ப்பதில்லை.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1965இல் தன் சகாக்களோடு சேர்ந்து அமெச்சூர் புகைப்படக்கலை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சாதாரண மனிதர்கள் கேமராவைக் கையில் எடுப்பதன் முதற்காரணம் குடும்பம்தான். குழந்தை இருக்கும் வீட்டில்தான் கேமரா அதிகம் இருக்கிறது. குடும்பம் தன் ஒற்றுமையைத் தனக்கே காட்டிக்கொள்ளும் சடங்குதான் இந்தப் படமெடுப்பு என்பது அவருடைய வாதம். இதை ஒப்புக்கொண்டால் ஒரு சிக்கல் எழுகிறது. வீட்டில் படமெடுக்கப் பழகுகிறவர் வெற்றிடத்தில் பழகவில்லை, ஒரு சடங்கின் நடுவே நின்று பழகுகிறார். அந்தச் சடங்கு சிலவற்றை நன்றாகக் கற்றுக்கொடுக்கும். சிலவற்றைக் கற்கவே விடாது.

வீட்டுப் பள்ளியின் புகழுக்கு ஒரே ஒரு சாட்சியைக் கூப்பிடச் சொன்னால் ழாக் ஆன்ரி லார்த்தீக்கைத்தான் கூப்பிட வேண்டும். 1894இல் பாரிசுக்குப் பக்கத்தில் பிறந்தவர். 1902இல், எட்டு வயதையொட்டி, அப்பா ஒரு கேமரா வாங்கிக்கொடுத்தார். பையன் வேறெங்கும் போகவில்லை. அண்ணன் செய்த மரவண்டிகள், பறக்கப் பார்த்த கிளைடர்கள், தண்ணீரில் குதிக்கும் மாமாக்கள், தோட்டத்தில் விளையாடும் நாய்கள் என்று சுற்றியிருந்ததையே எடுத்துத் தள்ளினார். 1905இல் உறவுப் பெண் பிஷோனாது வீட்டுப் படிக்கட்டிலிருந்து பறப்பதுபோல் குதித்த கணத்தை எடுத்த படம் இன்று புகைப்பட வரலாற்று நூல்களில் இருக்கிறது. அன்றைக்கு இருந்த கருவியைக் கொண்டு அந்தக் கணத்தைப் பிடிக்க வேண்டுமானால், அந்தப் பெண் எந்தப் படியில் கால் ஊன்றுவாள், எப்போது முழங்காலை மடக்குவாள் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கூடவே வளர்ந்தவனுக்குத்தான் அது தெரியும். தெருவில் போகிற அந்நியர் அடுத்த நொடி என்ன செய்வார் என்பது ஊகம். தங்கை என்ன செய்வாள் என்பது அறிவு. வீடு தரும் முதல் பாடம் இந்த முன்னறிவுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் லார்த்தீக்கை உதாரணம் காட்டுகிறவர்கள் இரண்டைச் சொல்லாமல் விடுகிறார்கள். ஒன்று, அது பெரும் பணக்கார வீடு. அங்கே அன்றாடம் என்பதே விடுமுறைதான். இரண்டு, அந்தப் படங்களுக்கு வெளியுலகின் மதிப்பு கிடைத்தது 1963இல், நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஜான் சார்க்கோவ்ஸ்கி அவற்றைத் தேர்ந்தெடுத்துக் காட்சிக்கு வைத்தபோது. அப்போது லார்த்தீக்குக்கு 69 வயது. வீட்டு ஆல்பங்களில் அறுபது ஆண்டுகள் கிடந்தவற்றில் எது படம், எது வெறும் நினைவு என்று பிரித்துச் சொல்ல, அந்த வீட்டோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாத ஒரு கண் தேவைப்பட்டது. இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது பாடம் வெளிச்சம். என்னைக் கேட்டால் இந்தப் பயிற்சியின் உண்மையான செல்வம் இங்கேதான் இருக்கிறது. நம் ஊர் வீடுகள் புகைப்படக்காரருக்குச் சுலபமானவை அல்ல. பகலில் கண் கூசும் வாசல், அதற்கு நாலடி உள்ளே இருட்டுக் கூடம். இரவில் சுவரின் உச்சியில் ஒரே ஒரு டியூப்லைட். மாலை ஆறரை மணிக்கு அந்த டியூப்லைட்டின் கீழ் வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளையை எடுக்க முயல்கிறவர், வகுப்பில் ஒரு மாதம் உட்கார்ந்து கேட்க வேண்டியதை ஒரு மாலையில் கற்றுக்கொள்வார். அந்த அறையின் வெளிச்சம் ஏறக்குறைய 100 லக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். கேமராவோடு வரும் கிட் லென்ஸை ஜூம் செய்தால் அதன் துளையான அப்பர்ச்சர் 5.6க்குச் சுருங்கிவிடும். 1/125 நொடி ஷட்டர் வைத்தால் ஒளியுணர்திறனான ஐ.எஸ்.ஓ. பத்தாயிரத்தைத் தொடும், படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இரையும். அதே இடத்தில் 1.8 அப்பர்ச்சர் உள்ள 50 மி.மீ. லென்ஸைப் போட்டால் ஆயிரத்தையொட்டிய ஐ.எஸ்.ஓ. போதும். ஆனால் ஃபோகஸ் விழும் ஆழம் விரலளவுக்குச் சுருங்கும். ஒரு கண் தெளிவாக இருந்தால் மறு கண் மங்கும்.

அதோடு முடிவதில்லை. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. பழைய சோக் போட்ட டியூப்லைட்டும் மலிவான எல்.இ.டி. பல்பும் நொடிக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கலைக் கேமரா பார்த்துவிடும். ஷட்டரை 1/100க்கு மேல் வேகமாக்கினால் படத்தின் குறுக்கே பட்டை விழலாம், அடுத்தடுத்த படங்களில் நிறம் மாறலாம். 1/50 அல்லது 1/100இல் வைத்தால் பட்டை போய்விடும், துள்ளும் பிள்ளை கலங்கிவிடும். இரண்டில் எதை விட்டுக்கொடுப்பது? சரியான விடை என்று ஒன்று இல்லாத இந்தக் கேள்விதான் புகைப்படக்கலை. மேசையை ஜன்னல் பக்கம் இரண்டடி நகர்த்தி, பகலில் எடுப்பது என்று முடிவு செய்கிறவர் பாதி கற்றுவிட்டார்.

வெள்ளை வேட்டி இன்னொரு வாத்தியார். கேமராவின் ஒளிமானி தான் பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். தாத்தா வெளுத்த வேட்டியோடு திண்ணையில் உட்கார்ந்திருக்க, ஃப்ரேமை வேட்டி நிறைத்தால், கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடும். வேட்டி அழுக்கேறியதுபோல் சாம்பலாகும். அவருடைய கருத்த முகத்தில் கண் எது, குழி எது என்று தெரியாமல் போகும். முகத்தை அளந்து எடுக்க வேண்டும், அல்லது ஒரு படி வெளிச்சம் கூட்ட வேண்டும் என்பதை இங்கே கற்றுக்கொள்ளலாம். கருத்த தோலைப் பொருட்படுத்தாத குறை கருவிக்குள்ளேயே ஊறிக் கிடந்தது. வண்ண ஃபிலிம் காலத்தில் அச்சுக்கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்கப் பயன்பட்ட கோடாக்கின் மாதிரி அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்களின் முகங்களே இருந்தன. கூகுள் நிறுவனம் தன் பிக்சல் போனில் எல்லாத் தோல் நிறத்தையும் சரியாகக் காட்டுவோம் என்று விளம்பரம் செய்ததே 2021இல்தான். இன்றும் பல போன்கள் கேட்காமலே முகத்தை வெளுத்து, சுருக்கத்தை நீவிவிடுகின்றன. பாட்டியின் நெற்றியை இஸ்திரி போட்டுக் காட்டும் போனில் பழகுகிறவர், பாட்டியைப் பார்க்கக் கற்கவில்லை. அந்த வசதியை முதல் நாளே அணைத்துவிடுவது நல்லது.

மூன்றாவது பாடம் காலம். அமெரிக்கப் புகைப்படக்காரர் நிக்கோலஸ் நிக்சன் 1975இல் தன் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் வரிசையாக நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார். பிறகு ஆண்டுக்கு ஒன்று என்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேல், அதே வரிசையில் நிறுத்தி எடுத்தார். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு சாதாரணக் குடும்பப் படம். வரிசையாகப் பார்க்கும்போது வேறொன்று நிகழ்கிறது. அந்நியர்களை வைத்து இதைச் செய்ய முடியாது. அத்தனை ஆண்டுகள் திரும்பித் திரும்பி வந்து நிற்பதற்கு உறவு என்ற கயிறு வேண்டும்.

இதுவரை சொன்னது வரவு. செலவைப் பேசுவதற்கு ஜூலியா மார்கரெட் கேமரனிடம் போகலாம். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில், 1863 டிசம்பரில், மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கேமராவைப் பரிசளித்தார்கள். இங்கிலாந்தின் வைட் தீவில் இருந்த வீட்டில் கோழிக்கூண்டைக் கண்ணாடி போட்டு ஸ்டுடியோவாக்கினார். நிலக்கரி அறையை இருட்டறையாக்கினார். அண்டை வீட்டுக் குழந்தைகள், மருமகள்கள், பணிப்பெண்கள் எல்லோரும் அவருக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பணிப்பெண் மேரி ஹில்லியர் எத்தனையோ படங்களில் மேரி மாதாவாக வருகிறார். கண்ணாடித் தகட்டில் ஈரம் காய்வதற்குள் எடுக்க வேண்டிய காலம் அது. நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். அவர் படங்களில் இருக்கும் அந்த ஆழ்ந்த பார்வையைக் கலை விமரிசகர்கள் வியக்கிறார்கள். அதில் ஒரு பங்கு, அசையக்கூடாது என்று சொல்லப்பட்டவர்களின் அயர்ச்சியாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். எஜமானி கேமராவோடு கூப்பிட்டால் வேலைக்காரப் பெண் எப்படி மாட்டேன் என்பாள்?

1875இல் கேமரன் குடும்பம் காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அவர் எடுத்தவற்றில் மிஞ்சியவை கொஞ்சம்தான். களுத்துறைக் கிராமத்தாரும் தோட்டத் தொழிலாளர்களும் அவற்றில் இருக்கிறார்கள். படத் தலைப்புகளில் பெரும்பாலும் அவர்களுக்குப் பெயரில்லை. இங்கிலாந்தில் அவர் எடுத்த அறிஞர்களுக்கும் கவிஞர்களுக்கும் பெயர் உண்டு. 1879இல் மலையகத்தில் இறந்து, பொகவந்தலாவையில் அடக்கமானார். வீட்டையும் சுற்றுப்புறத்தையும் படப்பிடிப்புக் களமாக்கியவர்களில் தலைசிறந்த அவரிடமே இந்தப் பயிற்சியின் ஊமைப் பகுதி தெரிகிறது. வீடு சமமான இடம் அல்ல. கேமரா பிடித்தவருக்கு மறுப்புச் சொல்ல முடிந்தவர்களும் முடியாதவர்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். நம் வீடுகளில் அந்த மறுக்க முடியாதவர்கள் யார்? கைக்குழந்தை. படுக்கையில் கிடக்கும் முதியவர். சமையலறையில் கை ஈரமாக நிற்கும் பெண்.

“டேய், இந்தக் கோலத்துல ஏண்டா எடுக்கிற? இரு, புடவையையாவது மாத்திக்கிட்டு வரேன்” என்று அம்மா சொல்வதை இயல்பான தருணங்களைத் தேடும் மகன் ஒரு தடையாக நினைக்கிறான். புடவை மாற்றினால் இயல்பு போய்விடும் என்கிறான். யாருடைய இயல்பு? எண்ணெய் வழியும் முகத்தோடு பதிவாக வேண்டாம் என்று நினைப்பதும் அவளுடைய இயல்புதானே. தமிழ் வீடுகளில் புகைப்படம் என்பது பல தலைமுறைகளாகத் தன்னைத் தானே விரும்பியபடி காட்டிக்கொள்வதற்குக் கிடைத்த அபூர்வமான வாய்ப்பு. ஸ்டுடியோவுக்குப் போய், வரைந்த திரைக்கு முன்னால், மர நாற்காலியில் கை வைத்து, கைக்கடிகாரம் தெரியும்படி நின்ற தாத்தாக்கள் பொய்யாக நிற்கவில்லை. எப்படி அறியப்பட வேண்டும் என்று அவர்களே முடிவு செய்தார்கள். இயல்பான படம் மேலானது, நின்று எடுத்த படம் செயற்கை என்ற நம்பிக்கையைப் புதிய அமெச்சூர்கள் கேள்வி கேட்காமல் விழுங்கிவிட்டார்கள். ஸ்டுடியோ மரபில் குறை இல்லை என்று சொல்ல வரவில்லை. குப்புறக் கவிழ்ந்து தலைதூக்கும் குழந்தையைத் துணியில்லாமல் எடுத்து ஃப்ரேம் போட்டுக் கூடத்தில் மாட்டினோமே, அந்தக் குழந்தை பதினாறு வயதில் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வந்து பட்ட கூச்சத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அப்போது அது ஒரு கூடத்துச் சுவரோடு நின்றது. இப்போது குடும்ப வாட்ஸப் குழுவில் எழுபது பேர்.

சம்மதம் என்ற இந்தக் கேள்வியின் கடைசி எல்லைவரை போனவர் புகைப்படக்காரர் சாலி மான். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் தன் மூன்று பிள்ளைகளைப் பெரிய கேமராவில் எடுத்து 1992இல் நூலாக வெளியிட்டார். சில படங்களில் பிள்ளைகள் ஆடையின்றி இருந்ததால் பெரும் சர்ச்சை வெடித்தது. எந்தப் படம் வேண்டாம் என்று சொல்லும் உரிமையைப் பிள்ளைகளுக்கு அவர் கொடுத்திருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. அப்படியும், நூல் வந்த பிறகு யாரோ ஓர் அந்நியர் பல ஆண்டுகள் குடும்பத்தைக் கடிதங்களால் துரத்தியதை 2015இல் தன் நினைவு நூலில் எழுதினார். சம்மதம் வாங்கிய ஒரு தாய்க்கே இந்த நிலை. நம்முடைய 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்குக் கையாளும் தரவுகளைத் தன் வரம்பிலிருந்து விலக்கிவிட்டது. அது நியாயமும்கூட. அப்பா மகளைப் படமெடுப்பதற்குள் சட்டம் மூக்கை நுழைக்க முடியாது. ஆகவே தீர்ப்பு முழுக்கக் கேமரா பிடித்தவர் கையில் விழுகிறது.

சம்மதத்தைவிடக் குறைவாகப் பேசப்படும் இன்னொரு குறை, கற்பவரையே பாதிக்கும் குறை. வீட்டில் எடுத்த படத்தை யார் மதிப்பிடுகிறார்கள்? எடுத்தவர் அப்பா, படத்தில் இருப்பது மகள், பார்ப்பது பாட்டி. தன் பிள்ளையின் விடைத்தாளைத் தானே திருத்தும் ஆசிரியரின் நிலை இது. மங்கலான படமும் “எவ்ளோ அழகு!” என்று பாராட்டு வாங்கும். அந்தக் குழந்தை அழகு என்பது உண்மை. படம் அழகா என்பது வேறு கேள்வி, அதை யாரும் கேட்பதில்லை. எடுத்தவருக்குச் சிக்கல் இன்னும் ஆழமானது. ஃப்ரேமுக்கு வெளியே நடந்தது முழுக்க அவருக்கு நினைவிருக்கிறது. அந்தக் கணத்தில் குழந்தை சொன்ன முதல் சொல், சமையலறையிலிருந்து வந்த வாசனை எல்லாம் படத்துக்குள் இருப்பதாக அவர் நம்பிவிடுகிறார். அந்நியர் பார்க்கும்போது அங்கே இருப்பது பின்னணியில் கொடியில் தொங்கும் துண்டும், தலைக்கு மேல் முளைத்த ஸ்விட்ச் போர்டும்.

தெருப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட் எடுத்த ஃபிலிம்களை ஓராண்டு, ஈராண்டு கழுவாமல் வைத்திருப்பார். எடுத்த அன்றைய மனநிலை வடிந்த பிறகு பார்த்தால்தான் படம் நன்றாக இருக்கிறதா என்று தெரியும் என்பது அவருடைய கணக்கு. (அந்தப் பழக்கம் முற்றிப்போய், 1984இல் இறந்தபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரோல்களைக் கழுவாமல் விட்டுப்போனது தனிக்கதை.) ஃபிலிம் காலத்து நம் வீடுகளில் இந்த ஆறப்போடுதல் தானாகவே நடந்தது. ஆக்பா கிளிக் த்ரீ கேமராவில் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். ஊட்டியில் தயாரான ‘இந்து’ கறுப்பு-வெள்ளை ஃபிலிமோ வேறெதுவோ, ரோலுக்கும் காசு, கழுவவும் காசு. தீபாவளிக்குப் போட்ட ரோல் பொங்கல் வரை ஓடும். பிரிண்ட் கைக்கு வருவதற்குள் பிரியம் கொஞ்சம் ஆறியிருக்கும், கண் கொஞ்சம் தெளிந்திருக்கும். பழையதை ஏங்கிப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த முறையில் பலர் கற்காமலே போனார்கள், காசுக்குப் பயந்து. ஆனால் இன்றைக்கு நாளுக்கு ஐம்பது படம் எடுப்பவர், அன்றைக்குப் பன்னிரண்டு எடுத்தவரைவிட வேகமாகக் கற்பதாக எனக்குத் தெரியவில்லை. அவர் எடுத்ததைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

குடும்பச் சடங்கு வேறொன்றையும் தடுக்கிறது. எது படமாகத் தகும் என்ற பட்டியல் அதனிடம் ஏற்கெனவே இருக்கிறது: பிறந்தநாள், காதுகுத்து, கொலு, குலதெய்வம் கோயில் பயணம். சண்டைக்குப் பிறகான மௌனமும், வேலை போன மாதத்து அப்பாவும், மாத்திரை டப்பாவும் அதில் இல்லை. இங்கிலாந்துக்காரர் ரிச்சர்ட் பில்லிங்ஹாம் ஓவியம் படிக்கும் மாணவராக இருந்தபோது, குடியில் மூழ்கிய தன் அப்பாவை ஓவியங்களுக்கு மாதிரியாக இருக்கட்டும் என்று மலிவான ஃபிலிமில் எடுத்து வைத்தார். 1996இல் அவை நூலாக வந்தபோது ஓவியங்களைவிட அவையே பேசப்பட்டன. சடங்கை மீறியதால் கிடைத்த பலம் அது. அப்பாவின் மானத்தை ஊருக்கு விற்றதாகவும் சொல்லலாம்; இரண்டும் உண்மை என்றே நினைக்கிறேன். நம்மவர்கள் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் யாராவது இறந்தால் மாலை போட ஒரு நல்ல படம் தேடும்போது இந்தச் சடங்கின் வறுமை வெளிப்படும். போனில் ஆயிரக்கணக்கில் படங்கள் இருக்கும். கடைசியில் யாரோ ஒருவர் கல்யாணக் கூட்டத்துப் படம் ஒன்றில், பக்கத்தில் நிற்பவர் தோளை வெட்டிவிட்டு, இறந்தவருடைய முகத்தை மட்டும் பெரிதாக்கி எடுக்க வேண்டியிருக்கும். பேரப்பிள்ளையை நாள் தவறாமல் எடுத்த கேமரா தாத்தாவின் பக்கம் திரும்பவே இல்லை.

படமெடுப்பதால் வாழ்வதே தவறிப்போகிறது என்ற புகாருக்கு ஆய்வுகள் அரைகுறை ஆதரவுதான் தருகின்றன. உளவியலாளர் லிண்டா ஹென்கெல் 2014இல் வெளியிட்ட சோதனையில், அருங்காட்சியகத்தில் பொருள்களை வெறுமனே பார்த்தவர்களைவிடப் படமெடுத்தவர்களுக்கு நினைவு குறைந்திருந்தது. ஆனால் பொருளின் ஒரு பகுதியை நெருங்கி எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. 2017இல் வந்த மற்றோர் ஆய்வு, தாங்களே விரும்பிப் படமெடுத்தவர்களுக்குக் கண்ணால் கண்டது நன்றாக நினைவிருந்ததையும், காதால் கேட்டது மங்கியதையும் காட்டியது. வீட்டுக்கு இது பொருந்தும் விதம் விசித்திரமானது. பாட்டியின் முகம் கூர்மையாகப் பதியும். அவள் சொல்லிக்கொண்டிருந்த கதைதான் காதில் விழாமல் போகும். சில மாலைகளில் கேமராவை அலமாரியில் வைத்துவிட வேண்டும் என்பதற்கு இது போதுமான காரணம்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கும்போதும் வீட்டில் தொடங்குவதையே நான் சொல்வேன். தெருவில் முகமறியாதவர்மேல் லென்ஸை நீட்டிப் பழகுவதைவிட, கோபித்துக்கொள்ளும் உரிமை உள்ளவர்களிடம் பழகுவது நல்லது. ஆனால் வீட்டிலேயே முடித்துக்கொள்ளக் கூடாது. மாதத்துக்குப் பத்துப் படம் தேர்ந்தெடுத்து, அந்தக் குழந்தையின் பெயர்கூடத் தெரியாத ஒருவரிடம் காட்டி, அவர் எதில் நிற்கிறார், எதைத் தாண்டிப் போகிறார் என்று பேசாமல் பார்க்க வேண்டும். விளக்கம் சொன்னால் சோதனை கெட்டது.

சம்மதத்தைப் பொறுத்தவரை, கற்றுக்கொள்பவருக்குக் கலைஞருக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. சாலி மானுக்கு அந்தப் படங்கள் வேண்டும். அவையே அவருடைய வேலை. கற்பவருக்குப் படம் வேண்டியதில்லை. ஜன்னல் வெளிச்சத்தை அளந்தது, காத்திருந்தது, சரியான நொடியில் விரலை அழுத்தியது, பிறகு பெரிதாக்கிப் பார்த்துத் தவறைக் கண்டது எல்லாம் நடந்து முடிந்துவிட்டன. அம்மா “இது வேண்டாம்டா” என்றால் அவள் கண்ணெதிரே அழித்துவிடலாம். கற்றதில் ஒரு துளியும் குறையாது. அழித்ததைப் பார்த்தவள் அடுத்த முறை கேமராவைக் கண்டு எழுந்து போக மாட்டாள். எட்டு வயது மகளிடம் கேமராவைக் கொடுத்து அப்பாவை எடுக்கச் சொன்னால் இன்னும் நல்லது. அவள் உயரத்திலிருந்து தாடையும் மூக்குத் துவாரமும் தெரிய எடுத்த படத்தைப் பார்த்து, அதை நண்பர்களுக்கு அனுப்பலாமா என்று அவள் கேட்கும்போது அப்பா என்ன பதில் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும்.